கண்ணாடிக்கு அந்தப் பக்கம்: வேலை விசா இன்டர்வியூவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கடற்கரையில் எந்தத் தெருவுக்குள் போனாலும் சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிறவர், இல்லாத வீடு குறைவு. வாப்பா துபாயில், பெரியப்பா மலேசியாவில், மச்சான் கடல் வேலைக்கு பஹ்ரைனில். பாஸ்போர்ட், மெடிக்கல், டிக்கெட் எல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த சமாச்சாரம். அதே ஊரில் ஒரு என்ஜினியருக்குச் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா இன்டர்வியூ என்று தேதி வந்துவிட்டால் மட்டும் வீடே கலங்கிப் போகிறது. யாரிடம் கேட்டாலும் உருப்படியாக ஒரு பதில் வராது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பாஸ்போர்ட் முழுக்க முத்திரை வைத்திருக்கும் மாமாகூட விசாவுக்காக ஓர் அதிகாரி முன் போய் நின்றிருக்க மாட்டார்.

வளைகுடா வேலைக்கு விசா எடுப்பது அங்கே இருக்கும் முதலாளியின் பாடு. அவர் தன் நாட்டு அரசிடம் அனுமதி வாங்குவார், தாள் இங்கே வரும். சவுதி என்றால் கைரேகை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் மெடிக்கல், அப்புறம் விசா. எமிரேட்ஸ் என்றால் நுழைவு அனுமதி மின்னஞ்சலிலேயே வந்துவிடும், மெடிக்கல் அங்கே இறங்கிய பிறகு. சிங்கப்பூருக்கும் முதலாளிதான் விண்ணப்பிப்பார். நம் அரசின் பக்கம் ஒரு வேலை உண்டு: பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருப்பவர்கள், வளைகுடா நாடுகள் உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். அதையும் பெரும்பாலும் ஏஜென்ட் முடித்துக் கொடுப்பார். மொத்தத்தில், விசா கொடுக்கிறவர் நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை. நம் பக்கம் 'இன்டர்வியூ' என்றால் ஏதாவது ஓட்டல் ஹாலில் கம்பெனிக்காரர் ஆள் எடுப்பதுதான்.

அமெரிக்க வேலை விசாவில் வேலை கிடைத்து, அரசு ஒப்புதலும் கிடைத்த பிறகும், நீங்களே நேரில் போய் ஓர் அதிகாரியிடம் பேசியாக வேண்டும். முகாமில் நிறுத்தி ஆளைப் பார்த்து அனுப்புவது நம் கரைக்குப் புதிதில்லைதான். பிரிட்டிஷ் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களை மண்டபம் முகாமில் தங்கவைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்துத்தான் தலைமன்னாருக்குக் கப்பலேற்றினார்கள். இப்போது சோதிப்பது தாளில் உள்ளதும் வாயில் வருவதும் ஒத்துப்போகிறதா என்பதை.

இன்டர்வியூவுக்கு முன்பே முடிந்துபோன விஷயங்கள்

அதிகம் பேர் எடுக்கும் எச்-1பி விசாவையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். பட்டப்படிப்பு தேவைப்படும் சிறப்புத் தொழில்களுக்கான விசா இது. முதலில் அமெரிக்கக் கம்பெனி அந்த நாட்டுத் தொழிலாளர் துறையிடம் ஒரு விண்ணப்பம் போடும். எல்.சி.ஏ. என்று சொல்வார்கள். என்ன வேலை, எந்த ஊரில், எவ்வளவு சம்பளம் என்பது அதில் இருக்கும். அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமாகக் கொடுக்கும் சம்பளத்துக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. அடுத்து ஐ-129 என்ற மனு, குடியேற்றத் துறைக்குப் போகும். ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. கேட்பவர்கள் இதைவிடப் பல மடங்கு என்பதால் மார்ச் மாதம் பெயர்களைப் பதிவு செய்து தேர்வு நடக்கும். பெயர் வந்து, மனுவும் ஏற்கப்பட்டால் ஐ-797 என்ற ஒப்புதல் தாள் வரும். வேலை தொடங்குவது அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு. ஒரு முறைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு, நீட்டித்தால் பொதுவாக மொத்தம் 6 ஆண்டு.

இதில் ஒரு பெரிய மாற்றமும் வந்தது. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்குக் கம்பெனி 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஆணையிட்டார். ஆணையில் குறித்திருந்த காலம் 12 மாதம். இங்கிருந்து நேராக எடுப்பதைக் கம்பெனிகள் குறைத்துக்கொள்ள இது ஒன்றே போதும். அதனால் இன்று இன்டர்வியூ வரிசையில் நிற்பவர்களில் அங்கேயே படித்து, அங்கேயே எச்-1பிக்கு மாறி, கல்யாணத்துக்கோ பெருநாளுக்கோ ஊர் வந்து 'ஸ்டாம்பிங்', அதாவது பாஸ்போர்ட்டில் விசா முத்திரை, செய்துகொண்டு திரும்புகிறவர்களும் நிறைய. முன்பு புதுப்பிப்பவர்களில் பலருக்கு பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் போதும் என்ற வசதி இருந்தது. 2025 செப்டம்பர் 2-க்குப் பிறகு எச்-1பிக்காரர்களுக்கு அது இல்லை. முன்பே விசா வைத்திருந்தவரும் நேரில் வர வேண்டும்.

ஆக, நீங்கள் சென்னைக்கு ரயில் ஏறும்போது வேலை முடிவாகிவிட்டது, சம்பளம் முடிவாகிவிட்டது, மனுவும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. அப்படியானால் இன்டர்வியூ எதற்கு? சார்பதிவாளர் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் முன்பே எழுதி முடித்தாகிவிட்டது. அங்கே போனதும் அவர் "இது உங்கள் கையெழுத்துதானா, பணம் வாங்கிக்கொண்டீர்களா" என்று இரண்டு கேள்வி கேட்பார். பத்திரத்தில் ஒன்று இருந்து நீங்கள் வேறு சொன்னால்தான் சிக்கல். விசா அதிகாரி செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். மனுவில் சொல்லப்பட்ட ஆள் இவர்தானா, இந்தப் படிப்பு உண்மையா, அந்த வேலை உண்மையிலேயே இருக்கிறதா, இவருக்கு அது தெரியுமா. உங்களை மடக்கிப் பார்ப்பது அவர் வேலை இல்லை.

இது மனதில் பதிந்தால் தயாரிப்பு பாதி முடிந்தது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயரில் கம்பெனி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறது என்று நீங்கள் படித்திருக்க வேண்டும். மனுவின் நகலையும் எல்.சி.ஏ. நகலையும் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். பதவியின் பெயர், வேலை செய்யும் ஊர், ஆண்டுச் சம்பளம், வேலையின் விவரம். இந்த நாலும் தூக்கத்தில் கேட்டாலும் வர வேண்டும். "வக்கீல் பார்த்துக்கொண்டார்" என்று நகலைத் திறந்துகூடப் பார்க்காமல் போகிறவர்கள், இணையத்தில் கிடைக்கும் நூறு கேள்வி–பதிலை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அது விளங்கவே இல்லை.

படிவமும் பெயரும்

டி.எஸ்-160 என்பது இணையத்தில் நிரப்பும் விண்ணப்பம். அதற்குப் பிறகு கட்டணம். எச் வகை விசாவுக்கு 205 டாலர், ரூபாயில் கட்டலாம். விசா கிடைக்காவிட்டால் திரும்ப வராது. அடுத்து இரண்டு தேதிகள் எடுக்க வேண்டும்: விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் படமும் கொடுக்க ஒன்று, தூதரகத்தில் இன்டர்வியூவுக்கு ஒன்று. படம் 2 அங்குலத்துக்கு 2 அங்குலம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி போடக் கூடாது. தலையில் முக்காடு போடும் பெண்கள் அதோடு எடுக்கலாம். நெற்றி முதல் தாடை வரை முகம் முழுதும் தெரிய வேண்டும், நிழல் விழக் கூடாது.

படிவத்தை டிராவல்ஸ்காரரிடம் நிரப்பக் கொடுப்பது நம் வழக்கம். தட்டச்சு அவர் செய்யட்டும். ஆனால் அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு வரியையும் நீங்கள் படியுங்கள். முன்பு விசா மறுக்கப்பட்டதா, அமெரிக்காவில் சொந்தக்காரர் உண்டா, ஐந்து ஆண்டுகளில் எந்த நாடுகளுக்குப் போனீர்கள் என்றெல்லாம் கேள்விகள் வரும். "இல்லை என்றே போட்டுவிடலாம் காக்கா, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால் அந்தக் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பொய் சொல்லி விசா வாங்க முயன்றதாக முடிவானால், அந்த ஒரு விண்ணப்பத்தோடு அது போகாது. அமெரிக்காவுக்குள் நுழைவதற்கான நிரந்தரத் தடையாகவே அது மாறக்கூடும்.

சமூக ஊடகக் கணக்குகளையும் படிவம் கேட்கிறது, ஐந்து ஆண்டுக்குள் பயன்படுத்தியது எல்லாம். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும், அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்களும் தங்கள் கணக்குகளைப் பொதுவில் தெரியும்படி மாற்றி வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கணக்கில் ஒரு வேலையும் மனுவில் வேறு வேலையும் இருந்தால் கேள்வி வரும். குறிப்பாக லிங்க்ட்இன் பக்கத்தில் பந்தாவாகப் போட்ட பதவிப் பெயர்.

இனி பெயர். நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி கிடையாது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கே' என்ற எழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் அந்த 'கே' விரிந்து வாப்பாவின் முழுப் பெயராகி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அமெரிக்கக் கணக்கில் அதுதான் உங்கள் பெயர். அங்கே போனதும் அலுவலகத்தில் எல்லோரும் உங்களை வாப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அது வேறு கதை. இரண்டாவது, ஒற்றைப் பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு கட்டம் நிரம்பி இன்னொன்று காலியாக இருந்தால், படிவத்தில் இருக்கிற பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' என்று போட வேண்டும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. விசாவிலும் அப்படியே அச்சாகும். அதன் பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்து கூடவே வரும். நேரம் இருந்தால் இன்டர்வியூவுக்கு வெகு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து மாற்றிக்கொள்வது நல்லது. மனு ஏற்கெனவே ஒரு பெயரில் போய்விட்டது என்றால் கம்பெனியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவதுதான் வேடிக்கை. முகம்மது என்ற பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக வரும் என்று ஒரே வீட்டு பீரோவைத் திறந்தால் தெரியும். பிறப்புச் சான்றில் ஒரு 'எம்', மதிப்பெண் பட்டியலில் இரண்டு 'எம்', கடைசி உயிரெழுத்து ஒன்றில் 'ஈ', இன்னொன்றில் 'ஏ'. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞானஸ்நானப் பதிவில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இருப்பவர்களுக்கும் இதே கதை. சென்னையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு இது அன்றாடம் பார்க்கிற விஷயம்தான். ஓர் எழுத்து மாறியதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் கேட்டால் திணறக் கூடாது. "இந்த எழுத்து என் தந்தை பெயரின் முதல் எழுத்து, பாஸ்போர்ட்டில் முழுதாக இருக்கிறது" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்ட நகலோ, இரண்டு பெயரும் ஒருவரே என்ற பிரமாணப் பத்திரமோ கையில் இருக்கட்டும்.

ஸ்லாட், அதாவது இன்டர்வியூ தேதி, பற்றி ஒரு வார்த்தை. தேதி கிடைப்பது கஷ்டம் என்பதால் "ஸ்லாட் பிடித்துத் தருகிறோம்" என்று பணம் வாங்குகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். 2025 மார்ச்சில் இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம், தானியங்கி மென்பொருள் வைத்துப் பிடித்த சுமார் 2,000 தேதிகளை ஒரேயடியாக ரத்து செய்தது. உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை அடுத்தவரிடம் கொடுத்தால் அந்தப் பட்டியலில் நீங்களும் சேரலாம். சென்னையில் தேதி இல்லையென்றால் டெல்லி, மும்பை, ஐதராபாத், கொல்கத்தா என இந்தியாவில் வேறு நாலு இடங்கள் உண்டு. எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம்.

அன்றைய காலை

இராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயிலில் ஏறினால் காலையில் சென்னை. ஆனால் அதே காலை இன்டர்வியூ வைத்துக்கொண்டு ரயிலை நம்பாதீர்கள். முந்தின நாளே போய்ச் சேருங்கள். எப்படியும் கைரேகைக்கு ஒரு நாள் முன்னதாகப் போகத்தான் வேண்டும். தூதரகம் அண்ணா சாலையில், எல்லோரும் ஜெமினி பாலம் என்று சொல்லும் அண்ணா மேம்பாலத்தின் அருகில். செல்போன், கைப்பை, ஸ்மார்ட் வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்கள். அங்கே வைத்துவிட்டுப் போகவும் இடம் தர மாட்டார்கள். ஆகவே கூட ஒரு ஆள் வருவது நல்லது. அவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

தாள்களை ஒரு சாதாரணக் கோப்பில் எடுத்துப் போங்கள். மேலே பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும், டி.எஸ்-160 உறுதித் தாள், தேதித் தாள், ஐ-797. கீழே மனு நகல், வேலைக் கடிதம், பட்டமும் மதிப்பெண் பட்டியல்களும், அனுபவக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள். வளைகுடாவில் வேலை பார்த்திருந்தால் அந்தக் கம்பெனியின் அனுபவக் கடிதமும். மறக்கக் கூடாத ஒன்று: டி.எஸ்-160 தாளின் எண்ணும், தேதி எடுக்கும்போது கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இடையில் தவறு திருத்திப் புதுப் படிவம் போட்டவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தென்னந்தோப்புப் பட்டா, வீட்டுப் பத்திரம், நகை மதிப்பீடு, ஆடிட்டர் போட்ட சொத்துக் கணக்கு? எச்-1பிக்கு வேண்டாம். சுற்றுலாவுக்கோ படிப்புக்கோ போகிறவர், ஊருக்குத் திரும்பி வருவேன் என்று அதிகாரியை நம்பவைக்க வேண்டும். அமெரிக்கச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிக்கிறவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் முதலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எச்-1பிக்கு அந்தப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு. பின்னால் கிரீன் கார்டுக்குப் போட நினைத்தாலும் விசாவுக்கு அது தடை இல்லை. சுற்றுலா விசாவில் மகனைப் பார்க்கப் போன பெற்றோரின் அனுபவத்தைக் கேட்டுக்கொண்டு பட்டாவை லேமினேட் செய்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

உள்ளே பாதுகாப்புச் சோதனை, தாள் சரிபார்ப்பு, கைரேகை ஒப்பிடல், அப்புறம் வரிசை. கடைசியில் ஒரு ஜன்னல். தடித்த கண்ணாடி, நடுவில் ஒலிவாங்கி, அந்தப் பக்கம் அதிகாரி. நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் பேச வேண்டும். முன்னால் நிற்பவருக்கு என்ன கேட்கிறார்கள் என்பது காதில் விழும். அதைக் கேட்டு உங்கள் பதிலை மாற்றத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் பாதி நேரம் அவர் கணினியில் தட்டிக்கொண்டிருப்பார். அந்த மௌனத்தில் பதறி, கேட்காததை எல்லாம் கொட்டுகிறவர்கள் உண்டு. சும்மா நின்றால் போதும்.

தமிழில் பேசலாமா? சென்னையில் தமிழில் இன்டர்வியூ நடத்தும் வசதி இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் வேலைக்குப் போகிறவர் ஆங்கிலத்தில் பேசுவதே பொருத்தம். இலக்கணப் பிழைக்கு அங்கே மதிப்பெண் குறைப்பதில்லை. புரியவில்லை என்றால் "சாரி, இன்னொரு முறை கேட்க முடியுமா" என்று கேட்டுவிடுங்கள். புரியாத கேள்விக்குத் தலையாட்டுவதுதான் தப்பு.

இனி கேள்விகள். பெரியபட்டினத்துப் பையன் ஒருவர், கீழக்கரையில் பொறியியல் முடித்து, சென்னையில் சில ஆண்டு வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி கேட்கிறார்: உங்கள் கம்பெனி என்ன செய்கிறது? அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிற பதில் இப்படி இருக்கும்: "உலகளாவிய வாடிக்கையாளர்களுக்கு டிஜிட்டல் மாற்றத் தீர்வுகளை வழங்கும் முன்னணி நிறுவனம்." இதைக் கேட்டால் அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று அவருடைய உம்மாவுக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. அடுத்த கேள்வி வந்தே தீரும். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மருத்துவமனைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிறார்கள். பில் காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகும் முன் தவறு இருக்கிறதா என்று பார்க்கும் பகுதியை எங்கள் குழு எழுதுகிறது. அதைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை." முடிந்தது. வீட்டில் கணினி தெரியாத ஒருவரிடம் இரண்டு வாக்கியத்தில் வேலையைச் சொல்லிப் பார்ப்பதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

அடுத்த கேள்வி பெரும்பாலும் வேலை செய்யும் இடம் பற்றியது. இது சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும், ஆனால் இன்டர்வியூவின் முடிச்சு இங்கேதான். பல கம்பெனிகள் ஆளை எடுத்து வேறொரு வாடிக்கையாளர் நிறுவனத்துக்கு அனுப்புகிறவை. சம்பளம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் இன்னொருவர். அது தவறில்லை. ஆனால் அந்த வாடிக்கையாளர் உண்மையில் இருக்கிறாரா, அங்கே வேலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது அதிகாரியின் கடமை. "டெக்சாஸ்" என்று மாநிலத்தை மட்டும் சொல்லாமல், ஊர், வாடிக்கையாளர் பெயர், என்ன பிராஜெக்ட், வீட்டிலிருந்தா அலுவலகத்திலிருந்தா என்பது வரை தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் தந்த கடிதம் இருந்தால் எடுத்துப் போங்கள். எல்.சி.ஏ.யில் ஒரு ஊரும் உங்கள் வாயில் வேறு ஊரும் வந்தால் அதைச் சமாளிக்க வழி இல்லை.

சம்பளத்தை ஆண்டுக் கணக்கில், டாலரில் சொல்லுங்கள். அதை ரூபாயாக மாற்றி, மாதத்துக்கு வகுத்து யோசித்துக்கொண்டே நிற்காதீர்கள். படிப்பு பற்றிக் கேட்டால் கல்லூரி, பாடப்பிரிவு, முடித்த ஆண்டு. அதிகாரிக்குக் கீழக்கரை எங்கே என்று தெரியாமல் இருக்கலாம். "இராமேஸ்வரம் பக்கம்" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பலருக்கும் புரியும்.

அப்புறம் அனுபவக் கடிதம். செய்யாத வேலைக்கு, இல்லாத கம்பெனி பெயரில் கடிதம் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். தூதரகத்தில் மோசடித் தடுப்புக்கென்று தனிப் பிரிவே இயங்குகிறது. கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அவர்கள் போன் செய்வார்கள். இரண்டு ஆண்டு அனுபவத்தை ஐந்தாக்கிக் காட்டி மாட்டுவதைவிட, இரண்டு ஆண்டோடு நிற்பது எவ்வளவோ மேல்.

மூன்று முடிவுகள்

பாஸ்போர்ட்டை அதிகாரி வைத்துக்கொண்டு, விசா ஒப்புதல் என்று சொன்னால் முடிந்தது. முத்திரையிட்ட பாஸ்போர்ட்டைப் பின்னர் நீங்கள் தேர்ந்தெடுத்த மையத்தில் வாங்கிக்கொள்ளலாம், அல்லது தனிக் கட்டணம் கட்டி வீட்டுக்கே வரவழைக்கலாம்.

இரண்டாவது, ஒரு தாளைக் கையில் கொடுப்பது. 221(ஜி) என்று அதில் இருக்கும். இன்னும் ஏதோ ஆவணம் வேண்டும், அல்லது உள்ளே சரிபார்க்க வேண்டியது இருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் தூதரக இணையதளத்தில் போய் எண்ணைத் தட்டினால் 'ரெஃப்யூஸ்டு' என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அவசரப்படாதீர்கள். சட்டக் கணக்கில் முடிவாகாத விண்ணப்பத்துக்கும் அந்தச் சொல்லையே போடுகிறார்கள். கேட்ட ஆவணத்தைக் கேட்ட முறையில் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். சிலருக்கு நாட்கணக்கில் முடியும், சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். அப்படி இழுத்தால் நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை. எந்த ஏஜென்ட்டாலும் அதை வேகப்படுத்தவும் முடியாது. "தூதரகத்தில் ஆள் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அவருக்கு டீகூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, மறுப்பு. மனுவிலேயே சந்தேகம் வந்தால் தூதரகம் அதைக் குடியேற்றத் துறைக்கே திருப்பி அனுப்பும். மேற்கொண்டு பதில் சொல்ல வேண்டியது கம்பெனி.

விசா கையில் வரும் வரை இருக்கிற வேலையை விடாதீர்கள், விமான டிக்கெட்டும் போடாதீர்கள். ஊருக்கு விருந்துச் சாப்பாடு போடுவதை என் வாயால் தடுக்க முடியாது, ஆனால் அதையும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

காசு விஷயத்தில் ஒன்று. எச்-1பி மனுவுக்கான முக்கியக் கட்டணங்களையும் வக்கீல் செலவையும் கம்பெனிதான் ஏற்க வேண்டும். "பத்து லட்சம் கட்டு, எச்-1பி போட்டுத் தருகிறேன்" என்று வருகிறவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். வளைகுடாவுக்கு ஏஜென்ட்டுக்குக் காசு கொடுத்துப் பழகிய ஊர் என்பதால் இது நமக்கு இயல்பாகவே தோன்றிவிடுகிறது. அங்கேயும்கூடப் பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம் என்பதுதான் விதி. தமிழ்நாடு அரசே 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருப்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

மனைவியும் பிள்ளைகளும் கப்பல்காரர்களும்

மனைவிக்கும் 21 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் எச்-4 விசா. இங்கே கேட்பது உறவு உண்மையா என்பதை: எப்போது கல்யாணம், எங்கே, கணவர் என்ன வேலை செய்கிறார். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டு நகல் மட்டும் போதாது, தேவாலயச் சான்று மட்டுமும் போதாது. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எல்லா மதத் திருமணங்களையும் பதிய வேண்டும். அந்தப் பதிவுச் சான்றிதழ் இருந்தால் கேள்வி சுருக்கமாக முடியும். கல்யாணப் படங்கள் சிலவற்றை அச்சிட்டு எடுத்துப் போங்கள், போனில் காட்ட முடியாது. கல்யாணத்துக்கு ஊர் வந்த மாப்பிள்ளை ஒரே விடுமுறையில் நிக்காஹ், பதிவு, மனைவியின் பாஸ்போர்ட், எச்-4 தேதி எல்லாவற்றையும் முடிக்க நினைப்பதுதான் நடக்காத காரியம். பதிவையும் பாஸ்போர்ட்டையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள லாத்தாவோ (அக்கா) மச்சானோ ஒருவரை முடுக்கிவிடுங்கள்.

சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேரும் நம் பையன்களுக்கு சி1/டி என்ற வேறு விசா. கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் என்றால் கப்பல் கம்பெனி இதை எடுத்து வரச் சொல்லும். கட்டணம் 185 டாலர். சி.டி.சி. என்ற கடலோடிப் பணிப் பதிவுப் புத்தகம், கம்பெனிக் கடிதம், பயிற்சிச் சான்றுகள் முக்கியம். இவர்களுக்கு அந்த 214(பி) விலக்கு கிடையாது. ஆகவே ஒப்பந்தம் எத்தனை மாதம், எந்தத் துறைமுகத்தில் ஏறுகிறீர்கள், முடிந்ததும் எப்படித் திரும்புவீர்கள் என்பது தெளிவாக வர வேண்டும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசாவில் உள்ள பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், கீழே குறித்திருக்கும் கம்பெனி பெயர், மனு எண் எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். பிழை இருந்தால் விமானம் ஏறும் முன்பே தூதரகத்துக்கு எழுதித் திருத்த வேண்டும். எச்-1பி மனு தொடங்கும் நாளுக்கு 10 நாளுக்கு முன்னால் அங்கே நுழைய முடியாது, அதைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். அமெரிக்காவுக்கு வேலைக்குப் போக ஈ.சி.ஆர். அனுமதி எதுவும் தேவையில்லை. அங்கே விமான நிலையத்தில் இன்னோர் அதிகாரி இதே மூன்று நாலு கேள்விகளைக் கேட்பார். எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை ஐ-94 என்ற பதிவில் குறிப்பவர் அவர்தான். பாஸ்போர்ட்டில் உள்ள விசாத் தேதியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஐ-94 தேதிதான் கணக்கு. அதை இணையத்தில் எடுத்து ஒரு நகலை உங்களிடமும் ஒன்றைக் கம்பெனியிடமும் கொடுத்து வையுங்கள்.